இத்தா வீட்டு விமானம்

சாஹுல் ஹமீட் கட்டுக்கரைப் பக்கம் நெல் வாங்கப் போனவர், காய்ச்சலோடு மாட்டு வண்டியில் திரும்பி வந்தார். ஒரு கிழமை பாயில் கிடந்தார். பிறகு மௌத்தாகிவிட்டார். மையித்து வீட்டை விட்டுப் போனதும் அவருடைய மனைவி றாபியாவுக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, உள்ளறையில் இருத்தினார்கள். சன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டினார்கள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் அங்கே இத்தா இருக்கவேண்டும். அதுவரை வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை.

இது நடந்தது வெள்ளைக்காரன் காலத்தில், முப்பத்துமூன்றாம் ஆண்டின் கடைசியில். எருக்கலம்பிட்டியில் கடற்கரைக்குப் போகும் மணல் ஒழுங்கையின் முடிவில் இருந்தது அந்த வீடு. பின்வளவு பெரியது. அதன் நடுவே பத்துப் பேர் கைகோத்தாலும் எட்டிப் பிடிக்க முடியாத பெருக்கமரம் ஒன்று நின்றது. மற்றதெல்லாம் வெறும் மணல். அதற்கப்பால் தென்னோலைக் கிடுகுவேலி, வேலிக்கு அப்பால் கடல்வெளி.

இத்தா தொடங்கி ஒரு மாதம் போயிருக்கும். வாடைக்காற்று நல்லாய் அடித்துக்கொண்டிருந்த ஒரு நடுப்பகலில் வானத்தில் ஏதோ இருமுகிற சத்தம் கேட்டது. ஆடு இருமுவது போல விட்டு விட்டு இருமியது, பிறகு ஒரேயடியாய் நின்றது. அடுத்து வந்தது கம்பிகளுக்குள்ளால் காற்று பாய்கிற ஊதல். வேலி முறிகிற சத்தத்தோடு வீட்டுச் சுவர் ஒரு தரம் அதிர்ந்தது.

றாபியா சன்னல் துணியின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். பெருக்கமரத்தடியில் சிவப்பாய், இரட்டை அடுக்கு இறக்கையோடு, ஒரு பக்கம் சாய்ந்து, புழுதிக்குள் ஒன்று நின்றது. வளவு முழுதும் ஆமணக்கெண்ணெய் நாற்றம். பிள்ளை பிறந்த வீட்டு மணம் அது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் அவளுக்கு ஏனோ அழுகை வந்தது.

ஊரே வந்து குவிந்தது. அதற்குள்ளேயிருந்து நரைத்த மீசைக்காரத் துரை ஒருவர் இறங்கினார். காலில் சிறு நொண்டல். அரசாங்கத்தின் ஊர் அதிகாரியான விதானையார் எமிலியானுஸ் வந்து அவரோடு ஆங்கிலத்தில் பேசி, சனத்துக்குத் தமிழில் சொன்னார். றாபியா அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

இந்தியாவில் ஊர் ஊராய்ப் போய் வானத்தில் வித்தை காட்டுகிற கூட்டமாம். கொழும்பில் ஆட்டம் வைக்கப் போகிற வழியில் இந்தத் துரையின் எஞ்சின் நின்றுவிட்டதாம். மற்ற விமானங்கள் போய்விட்டன. இந்த விமானத்தின் பேர் அவ்ரோ. பெரிய சண்டைக் காலத்தில் இராணுவத்துக்காகச் செய்த ஆகாயக்கப்பல் இது. துரையும் அந்தச் சண்டையில் பறந்தவர்தான். சண்டை முடிந்தபிறகு ஏலத்தில் விட்டார்களாம். இப்போது சிவப்பு மை பூசி, சனத்துக்கு முன்னால் குட்டிக்கரணம் அடிக்கவும் பொய்ச்சண்டை போடவும் வைத்திருக்கிறார்கள்.

"உருளுற சில்லு ஒண்டு உடைஞ்சு போச்சு. எஞ்சினுக்குச் சாமான் வேணுமாம். கொழும்பு ஆட்டம் முடிய ஆள் அனுப்புறாராம்," என்றார் எமிலியானுஸ். "அதுவரைக்கும் இது இந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. வீட்டுக்காரர் ஆர்?"

"காக்கா மௌத்தாப் போனார். இப்ப நான்தான்," என்றான் சனூன். அவன் சாஹுல் ஹமீடின் தம்பி.

"நீர் இருக்கிறது அங்காலை அல்லோ? இந்த வீட்டிலை இருக்கிறது ஆர்?"

சனூனின் மனைவி பாத்தும்மா வாசலில் நின்று சொன்னாள்: "மதினிதான் இருக்கிறா. இத்தாவிலை."

இத்தாவில் இருக்கிறவள் எங்கும் போகமாட்டாள் என்று எமிலியானுஸ் கணக்குப் போட்டார். பிறகு தன் பதிவுப் புத்தகத்தில் பொறுப்பாளராக றாபியாவின் பெயரையே எழுதினார். அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்று, திரையைப் பாராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பிள்ளை, கேக்குதோ? உன்ர பொறுப்பிலை விட்டிருக்கு. ஒரு ஆணி குறைஞ்சாலும் துரைமார் உன்னைத்தான் கேப்பினம். கவனமாப் பாத்துக்கொள்."

உள்ளிருந்து பதில் வரவில்லை. அந்நிய ஆணுக்கு எப்படிப் பதில் சொல்வது? எமிலியானுஸ் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். துரை போகுமுன் விமானத்தின் மூக்கை, வண்டி மாட்டைத் தட்டுவது போல இரண்டு தரம் தட்டியதை அவள் துணி விலகலுக்குள்ளால் கண்டாள்.

அறையை விட்டு வரமுடியாத அவளுடைய பெயரில் வெளியே அந்த விமானம் நின்றது. பள்ளிக்கூடப் பெடியள் வந்து ஏறினார்கள். கழுதைகள் வந்து அதன் வாலில் உடம்பை உரசின. அவள் உள்ளே இருந்தபடி பாத்தும்மாவைக் கூப்பிட்டுக் கத்துவாள். "புள்ளை, அந்தக் கம்பியிலை தொங்குறானுகள். இறக்கு!" இரவில் காற்று எழுந்தால் இறக்கைக்கு நடுவே இருந்த கம்பிகள் முனகும். தூக்கம் வராத நேரங்களில் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். இத்தா முடிகிற அன்று குளித்துவிட்டு வெளியே வந்தவள், கணவரின் சாமான்களைப் பார்க்கவில்லை, கிணற்றடிக்கும் போகவில்லை. நேரே பெருக்கமரத்தடிக்குப் போய் இறக்கையில் கை வைத்தாள். இரும்பு என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். துணி. மேளத்தோல் போல இழுத்துக் கட்டிய துணி.

கொழும்பில் இருந்து ஒருவரும் வரவில்லை. எமிலியானுஸ் விசாரித்தார். அந்தக் கூட்டம் கொழும்பு ஆட்டத்தோடு கலைந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. "துரை வந்தால் வரட்டும், வராட்டிலும் நான் எழுதினது எழுதினதுதான்" என்பது எமிலியானுஸின் முடிவு. அவர் அப்படிப்பட்ட மனுசன். ஒன்றை எழுதிவிட்டால் பிறகு கடவுள் வந்து சொன்னாலும் வெட்டமாட்டார்.

சனூனுக்கு அந்த வளவு தேவைப்பட்டது. மூன்று பிள்ளைகளோடு ஒற்றை அறை வீட்டில் இருந்தான். பின்வளவில் கருவாட்டுக் கொட்டில் போட்டால் பிழைத்துக்கொள்வேன் என்பான். அவன் கெட்டவன் அல்ல. ஆனால் இத்தா முடிந்த ஒரு விதவை, பிள்ளையுமில்லாதவள், மறிச்சுக்கட்டியில் தன் தாயோடும் தமையனோடும் போய் இருப்பதுதானே முறை என்று அவன் நினைத்தான்.

"மதினி, உங்களைப் போகச் சொல்லேல்லை. ஆனால் தனிய இருந்து என்ன செய்யப்போறீங்கள்?"

"விதானையார் என்ர பேரிலை எல்லோ எழுதியிருக்கார், சனூன்."

அந்த ஒரு பதில்தான் அவளைக் காப்பாற்றியது. விமானம் நிற்கும்வரை வளவில் ஒரு தடி நட முடியாது, அவளை எழுப்பவும் முடியாது. அவளும் எழும்ப முடியாது. ஒரு நாள் அசந்தாலும் யாராவது பித்தளைச் சாமான்களைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் பொறுப்பு அவளுடையது. பொறுப்பில் தவறினால் வளவும் போய்விடும். இப்படி அவள் தன்னைத்தானே சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாம் வருடம், சிலாவத்துறைப் பக்கமிருந்து வந்த தோணிக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். "உம்மாவுக்கு ஏலாதாம். றஊப் காக்கா உடனை வரச்சொன்னவர்." றாபியா ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு தோணிக்குப் புறப்பட்டாள். ஒழுங்கைத் திருப்பத்தில் சனூன் ஒரு தச்சனோடு எதிரே வந்தான். தச்சனின் கையில் அளவுக்கயிறு. அவளைக் கண்டதும் சனூன் நிலத்தைப் பார்த்தான்.

"ஒண்டுமில்லை மதினி, சும்மா... நீங்கள் போயிட்டு வாங்கோ."

அவள் கடற்கரைவரை நடந்தாள். தோணிக்காரர் பாய் விரித்துக்கொண்டிருந்தார். அளவுக்கயிறு கண்ணுக்கு முன்னாலேயே ஆடியது. கோடரியால் யாரோ இறக்கையின் விலாக்களைக் கொத்துவது போலவும் தோன்றியது. அவள் திரும்பி வந்துவிட்டாள்.

இரண்டு நாளில் உம்மா மௌத்தானார். நாற்பதாம் நாள் முடிந்த பிறகு தமையன் றஊப் வந்தார். வீட்டுக்குள் ஏறவில்லை. பெருக்கமரத்தடியில் நின்று அந்தச் சிவப்புச் சாமானை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மா கடைசி மூச்சுவரைக்கும் வாசலைப் பாத்தவ. உம்மாவை விட இந்தத் துணிக்கூடு பெரிசாப் போச்சா உனக்கு?"

அவள் அளவுக்கயிற்றைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், வளவைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அது முழு உண்மையாக இராது என்று அவளுக்குத் தெரியும். றஊப் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அதன்பிறகு அவள் அந்த விமானத்தைப் பராமரிக்கத் தொடங்கினாள். முன்பு காவல் மட்டும்தான். இப்போது அது பழுதாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. உப்புக்காற்றில் துணி வெடித்தது. கிழிந்த இடங்களைத் தைத்து, விறைப்பு வரட்டும் என்று அரிசிக் கஞ்சி பூசினாள். கரப்பான் பூச்சிகள் ஒரே வாரத்தில் கஞ்சியோடு துணியையும் தின்றன. மீன்பிடிகாரர் தோணிக்குச் செய்வது போலக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசியபோதுதான் துணி நின்றது. நாற்றத்துக்கு ஆடும் கிட்ட வரவில்லை. சிவப்பு மை செதில் செதிலாய்க் கழன்ற இடத்தில் உள்ளே வேறு நிறங்கள் தெரிந்தன. ஈரத்துணியால் மெல்ல மெல்லத் துடைத்தாள். இறக்கையில் நீலம், வெள்ளை, சிவப்பாய் வட்டத்துக்குள் வட்டம் வெளிப்பட்டது. அது சண்டைக்காலத்து அடையாளம். வயிற்றுப்பக்கத்தில் யாரோ எப்போதோ வைத்துத் தைத்த பழைய ஒட்டு ஒன்றும் தெரிந்தது. தையல் அவ்வளவு நெருக்கம். இதைத் தைத்த கை யாருடையது, பெண்ணாய் இருக்குமோ என்று அவள் பாத்தும்மாவிடம் பல தடவை கேட்டிருக்கிறாள். பாத்தும்மாவுக்கு என்ன தெரியும்? "ஓம் மதினி, பொம்புளையாத்தான் இருக்கும்" என்பாள்.

தலைமன்னார்த் துறையில் ரயில் எஞ்சின் வேலை பார்த்த காமில் என்பவரை எமிலியானுஸ் ஒரு நாள் கூட்டி வந்தார், சில்லைப் பார்க்கச் சொல்லி. காமிலுக்கு முப்பத்தைந்து வயது, மனைவியை இழந்தவர். எஞ்சினைத் திறந்து பார்த்தவர் எழும்பவேயில்லை.

"இது என்ன கூத்து! காத்தாடியோடை சேந்து எஞ்சினும் சுத்துது. நான் இப்பிடி ஒண்டைக் கண்டதில்லை."

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து வந்துவிடுவார். பாத்தும்மா தின்பண்டத்தோடு காவலுக்கு உட்காருவாள். காமில் மேலே இருந்து சொல்வார், றாபியா கீழே நின்று எடுத்துக் கொடுப்பாள். உடைந்த சில்லுக்குப் பதிலாக வண்டிச்சில்லு ஒன்றைச் சீவிப் பூட்டினார். எஞ்சின் இறுகாமல் இருக்க மாதம் ஒருக்கால் காத்தாடியைக் கையால் சுற்றவும், ஆமணக்கெண்ணெய் விடவும் அவளுக்குப் பழக்கினார். அவள் கேட்காத கேள்வி இல்லை. மேலே போனால் காது அடைக்குமா, தலைகீழாய்ப் போகையில் எண்ணெய் ஊத்துப்படாதா, கொழும்பு ஆட்டத்தில் சனம் எங்கே நின்று பார்த்திருக்கும்? பாதிக்கு மேல் காமிலுக்கும் தெரியாது. தெரியாததை இரண்டு பேரும் சேர்ந்து ஊகித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காமில் ஒரு போத்தல் பெற்றோல் கொண்டு வந்தார். விமானத்தின் வாலைத் தோணிக்கயிற்றால் பெருக்கமரத்தோடு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். சில்லுக்கு முன்னால் கல் வைத்தார்கள். றாபியாவை உள்ளே ஏற்றி, எதைப் பிடிப்பது, எப்போது விடுவது என்று காட்டிவிட்டு, காமில் காத்தாடியைச் சுண்டினார். பல தரம் சுண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. கை விட்டுவிடலாம் என்று நினைக்கிற நேரத்தில் பிடித்துக்கொண்டது.

அப்படி ஒரு சத்தத்தை ஊர் கேட்டதில்லை. பாதி வேலி பறந்தது. கோழிகள் கடற்கரைவரை ஓடின. நீலப் புகையும் எண்ணெயும் றாபியாவின் முகமெல்லாம் அடித்தன. அவளுக்குக் கீழே விமானத்தின் முழு உடம்பும் நடுங்கியது. கயிறு விறைத்தது, வால் மணலை விட்டு எழும்பியது, கல்லைத் தள்ளிக்கொண்டு ஒரு முழம் முன்னால் வந்தது. அதற்கு மேல் மரம் விடவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று பாத்தும்மா பிறகு சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். பெற்றோல் முடிய எஞ்சின் நின்றது. அவளுக்கு நெடுநேரம் காது கேட்கவில்லை.

வேலிக்காகச் சனூன் முறையிட்டான். எமிலியானுஸ் வந்து, இனிமேல் எஞ்சினைத் தொடக்கூடாது என்று அதையும் எழுதினார்.

அடுத்த கிழமை காமில் வந்தபோது பாத்தும்மாவைப் பார்த்துக்கொண்டு றாபியாவுக்குக் கேட்கச் சொன்னார். "துறையிலை எனக்கு ரயில்வே குவாட்டஸ் இருக்கு. ரெண்டு அறை. அவவுக்குச் சம்மதம் எண்டால் பள்ளி லெப்பையிட்டைப் பேசுவன்."

றாபியா உடனே பதில் சொன்னாள். "இங்கை வந்து இருக்கேலாதா?"

"சங்கு ஊதினவுடனை வேலைக்கு நிக்கோணும். எருக்கலம்பிட்டியிலை இருந்து எப்பிடி வாறது?"

"அப்ப இதை ஆர் பாக்கிறது?"

காமில் விமானத்தைப் பார்த்தார். அவருக்கும் அதில் ஆசை இருந்தது. ஆனால் அவருடைய ஆசைக்கு வெள்ளிக்கிழமை போதும். "யோசிச்சுச் சொல்லட்டும்," என்று பாத்தும்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். றாபியா யோசித்தாள், மாதக்கணக்காய் யோசித்தாள். போகலாம் என்று முடிவெடுக்கிற நாட்களில் எமிலியானுஸ் எழுதிய எழுத்து நினைவுக்கு வரும். எழுத்தை விட்டுத் தள்ளலாம் என்று துணிகிற நாட்களில் தான் இல்லாத வளவில் மழையில் நனைந்து நிற்கும் இறக்கை நினைவுக்கு வரும். அடுத்த நோன்புப் பெருநாளைக்குப் பிறகு காமில் புத்தளத்தில் பெண் எடுத்தார். வருவது நின்றுபோயிற்று.

அதன்பிறகு வந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவள் வேலியைத் தாண்டவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை, கந்தூரிக்கும் போகவில்லை. ஊரில் அவளை 'இத்தா முடியாத றாபியா' என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் யப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். எருக்கலம்பிட்டி இருக்கிற தீவில் பாதிப்பேர் பெருநிலத்துக் கட்டுக்கரைப் பக்கம் ஓடினார்கள். சனூனும் பாத்தும்மாவும் பிள்ளைகளோடு போனார்கள். றாபியா போகவில்லை. சில கிழமைகளில் இராணுவ லொறிகள் வந்தன. ஒழுங்கை வழியாய் வந்த ஓர் இளம் கப்டன் வேலிக்கு மேலால் இறக்கையின் வட்டத்தைக் கண்டுவிட்டு லொறியிலிருந்து குதித்தான்.

எமிலியானுஸ் பின்னாலேயே ஓடி வந்தார். கப்டன் விமானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான், தடவினான், உள்ளே ஏறி உட்கார்ந்தான். சின்னப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"இவரின்ர தகப்பன் சண்டைக்குப் போக முந்தி இப்பிடி ஒண்டிலைதான் பறக்கப் பழகினவராம்," என்றார் எமிலியானுஸ். "இதை இவ்வளவு நல்லா வைச்சிருந்தது ஆர் எண்டு கேக்கிறார்."

றாபியா முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடத்தில் ஒருவர் அப்படிக் கேட்டது முதல் தடவை. அடுத்து கப்டன் சொன்னதை எமிலியானுஸ் தயங்கித் தயங்கித் தமிழாக்கினார்.

தீவின் மேற்குத் திடலில் பொய் விமானத்தளம் ஒன்று போடுகிறார்கள். பனை மரத்தாலும் கிடுகாலும் விமானம் மாதிரிச் செய்து நிறுத்தி வைப்பார்கள். யப்பான்காரன் அதை மெய்யென்று நம்பி அங்கே குண்டைப் போட்டால் மெய்யான தளங்கள் தப்பும். கிடுகு விமானங்களுக்கு நடுவே உண்மையாய் ஒன்று நின்றால் மேலேயிருந்து பார்க்கிறவன் சந்தேகப்பட மாட்டான்.

"குண்டு போடுறதுக்கு வைக்கிறதா?" என்று கேட்டாள் றாபியா.

"ஓம் பிள்ளை."

"இதையா?"

எமிலியானுஸ் தன் பையிலிருந்து பதிவுப் புத்தகத்தையும் பேனையையும் எடுத்து, எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய அவளுடைய பெயரை வெட்டினார். "இனி உனக்குப் பொறுப்பில்லை. நீ போகலாம்," என்றார். விடுதலை கொடுப்பதாகத்தான் அவர் நினைத்தார். வாலை மாட்டு வண்டியில் தூக்கி வைத்து, விமானத்தைப் பின்பக்கமாய் இழுத்துக்கொண்டு போனார்கள். அது ஒழுங்கை திரும்பியதும் றாபியா பின்னால் நடந்தாள். வேலியைத் தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை.

திடலில் கிடுகு பின்ன ஊர்ப்பெண்களைக் கூலிக்கு எடுத்தார்கள். அவளும் சேர்ந்தாள். முட்கம்பி வேலி, ஒரேயொரு வாசல், காலையில் உள்ளே போனால் மாலைவரை வெளியே வர அனுமதியில்லை. அவள் கிடுகு பின்னிய இடத்திலிருந்து பார்த்தால் அவ்ரோ தெரியும். வெயிலில், மூடாமல், நடுத்திடலில் நின்றது. வட்டங்களுக்கு மேல் பச்சை மை அடித்திருந்தார்கள். இரவில் கழுதைகள் வந்து கீழ் இறக்கைத் துணியைக் கடித்து இழுத்தன. காலையில் அவள் அந்தக் கிழிசலைத்தான் முதலில் தேடுவாள்.

ஒரு முற்பகலில் வானத்தில் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. மிகவும் உயரத்தில், வெள்ளிப் புள்ளியாய் ஒன்று. காவல்காரர் கத்தினார்கள். பெண்கள் எல்லாரும் குழிக்குள் விழுந்தார்கள். றாபியா குழிக்குப் போகவில்லை. பின்னி முடித்த கிடுகுகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு அவ்ரோவிடம் ஓடினாள். இறக்கை மேல் எறிந்தாள். திரும்பி ஓடி இன்னும் அள்ளினாள். காவல்காரர் குழிக்குள்ளிருந்து கத்தக் கத்த, அவள் இறக்கையையும் மூக்கையும் மூடி, வாலை மூடிக்கொண்டிருந்தாள். மேலே போனவன் ஒரு வட்டம் அடித்துவிட்டுக் கடல் பக்கமாய்ப் போனான். குண்டு விழவில்லை.

அவளைப் பிடித்துக் காவல் கொட்டிலில் அடைத்தார்கள். கதவு சாத்தியபோது அவளுக்குப் பழைய அறை ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே சன்னல் இல்லை. சண்டைக்காலத்தில் இராணுவ வேலையைக் கெடுப்பது சின்னக் குற்றமல்ல. எமிலியானுஸ் கேள்விப்பட்டு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. கப்டன் முகம் சிவந்து நின்றான்.

"எதிரி காணட்டும் எண்டு வைச்சதை நீ ஏன் மூடினாய் எண்டு கேக்கிறார். உன்னை மறியல் வீட்டுக்கு அனுப்பலாமாம். அறியாமல் செய்திட்டன் எண்டு சொல்லு, பிள்ளை."

"அறிஞ்சுதான் செய்தனான்," என்றாள் றாபியா. "குண்டு விழட்டும் எண்டு நான் எட்டு வருஷம் காப்பாத்தேல்லை. அதைச் சொல்லுங்கோ."

எமிலியானுஸ் அதை அப்படியே சொன்னாரா, மாற்றிச் சொன்னாரா என்பது தெரியாது. கப்டன் திடலின் நடுவே கிடுகு மூடி நின்ற அவ்ரோவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கதவைத் திறக்கச் சொன்னான். இனி அவள் திடலுக்குள் வரக்கூடாது என்பது மட்டும்தான் தண்டனை.

மாரி வந்தது. கட்டுக்கரையிலிருந்து சனூன் திரும்பி வந்தான். பொறுப்புப் பெயர் வெட்டப்பட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் பிள்ளைகளைக் கொண்டுவந்து இருத்தினான். றாபியா குசினிக்குள் அடுப்போரம் படுத்தாள். பின்வளவில் கருவாட்டுக் கொட்டிலுக்குக் கம்புகள் வந்து இறங்கின. 

அடுத்த மாசியில் பொய்த்தளத்தைக் கைவிடச் சொல்லி உத்தரவு வந்தது. எமிலியானுஸ் குசினி வாசலில் வந்து நின்றார்.

"கப்டன் கூப்பிடுறார். கிடுகு எல்லாத்தையும் நாளைக்குக் கொளுத்தப்போறாங்களாம். அதையும் சேத்துத்தான். ஆனால் உனக்கு வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போகட்டாம். இராணுவக் கணக்கிலை அது இல்லையாம்."

"உங்கட பதிவிலை?"

"என்ர பதிவிலையும் இல்லை. ஒருத்தற்றை பதிவிலையும் இல்லை. நீ எடுக்கோணும் எண்டும் இல்லை, பிள்ளை. எரிஞ்சால் எரியட்டும். நீ மறிச்சுக்கட்டிக்குப் போ, உன்ர தமையனிட்டை. இனி உன்னை ஆர் மறிக்கப்போகினம்?"

றாபியா அங்கேயே குந்திவிட்டாள். இவ்வளவு காலமும் உம்மாவின் சாவுக்கும், காமிலுக்கும், தன் இளமைக்கும் சேர்த்து அவள் தனக்குத்தானே சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: விதானையார் என் பேரில் எழுதிவிட்டார், நான் என்ன செய்ய? இப்போது அந்தப் பதில் இல்லை. நெடுநேரம் அடுப்புச் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எமிலியானுஸ் போகவா நிற்கவா என்று தெரியாமல் குடையை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

"எடுக்கிறன்," என்றாள்.

கரைவலைக்காரர்களைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனாள். கீழ் இறக்கைகளில் துணி இல்லை, விலாக்கள் மட்டும். வண்டிச்சில்லு பாதி மணலுக்குள் இறங்கியிருந்தது. அவர்கள் அதற்கு வலைக்கயிறு கட்டி, தோணி இழுப்பது போல ஏலேலோ பாடி இழுத்தார்கள். கப்டன் தானும் ஒரு கை பிடித்தான். வீட்டு வாசலுக்கு வரச் சனூன் வேலிப் படலையை மறித்துக்கொண்டு நின்றான்.

"இது ஆரின்ர உத்தரவு, மதினி?"

"ஒருத்தற்றையும் இல்லை. என்ர."

"வளவுக்குள்ளை வைக்க ஏலாது. கொட்டில் போடப்போறன்."

விமானம் மூன்று நாள் ஒழுங்கையில் நின்றது. றாபியா அதனடியில் இருந்தாள். கடைசியில் பாத்தும்மாதான் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினாள், புருஷனுக்குத் தெரியாமல். லெப்பையும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். பிள்ளையில்லாத மனைவிக்குக் கணவனின் சொத்தில் கால்பங்கு என்று லெப்பை சொன்னார். இவ்வளவு காலமும் அவள் கேட்கவில்லை, ஒருவரும் கொடுக்கவும் இல்லை. வீட்டில் கால்பங்கா, காசாய் வேணுமா என்று கேட்டார்கள். வீடு வேண்டாம், காசும் வேண்டாம், பெருக்கமரம் நிற்கிற மூலை போதும் என்றாள் றாபியா. சனூன் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டுவிட்டுச் சம்மதித்தான். நல்ல மனத்தோடு வேலியை அவனே தன் பக்கமாய் அரக்கிப் போட்டுக் கொடுத்தான்.

மரத்தடியில் விமானத்துக்கு ஒரு கொட்டில் போட்டாள். அதன் வாலோரமாய்த் தனக்குப் படுக்க ஒரு சாய்கூரை ஒத்தாப்பு இறக்கினாள். கிடுகு பின்னி விற்றாள். அந்தக் காசில் துணி வாங்கி, இறக்கை விலாக்களை ஒவ்வொன்றாய் மூடினாள். பச்சை மையைச் சுரண்டினாள்.

சண்டை முடிந்த வருடம் அவள் மறிச்சுக்கட்டிக்குப் போனாள். றஊப் தலை நரைத்துப்போயிருந்தார். முதலில் பேசவில்லை. பிறகு உம்மா கிடந்த கட்டிலைக் காட்டினார். றாபியா அதில் இருந்து அழுதாள். இரண்டு நாள் தங்கினாள். மருமக்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மேற்கே கறுத்தது. அவள் எழும்பிப் பொட்டலம் கட்டினாள்.

"இரு. இன்னும் ரெண்டு நாள் நிண்டிட்டுப் போ," என்றார் றஊப்.

"மழை வரப்போகுது, காக்கா. கொட்டில் கூரையிலை ஒரு பக்கம் இன்னும் கிடுகு மேயேல்லை."

"இப்ப உன்னை ஆர் பிடிச்சு வைச்சிருக்கினம்? விதானையோ, வெள்ளைக்காரனோ?"

றாபியா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள், றஊப் பின்னால் வந்தார். கரையில் தோணிக்காரர் கூப்பிட்டார். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். றஊப் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.